ஈ காகம் இல்லாத கரை

கண்டி வாவியைச் சுற்றி மாலையில் நடக்கிறவர்கள் மத்தியில் ஒரு கதை உலாவத் தொடங்கியது: பரமநாதன் படகில் ஏறவே இல்லையாம்.

கதை புறப்பட்ட இடம் மாளிகைப் பக்கத்து மதிலடி. அங்கே அது சின்னக் கதைதான். மனிதர் நோர்வேக்குப் போனது உண்மை, மகள் வீட்டில் தங்கியதும் உண்மை, ஆனால் பாய்மரப் படகில் போகவில்லை, கரையோரமாக பஸ்ஸில் போய், படகு நின்ற இடங்களில் எல்லாம் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டாராம். நீர்க்காகங்கள் எச்சமிடுகிற மரங்களுக்குக் கீழே எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு விரைந்து கடப்பதற்குள் கதையிலிருந்து பஸ்ஸும் போய்விட்டது. மருமகன் படகில் நின்ற படத்தில் மாமனாரின் தலையை வெட்டி ஒட்டினார்களாம். வாவியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மதிலடிக்கு வந்தபோது, அவர் நோர்வேக்கே போகவில்லை, அந்த நாட்களில் மட்டக்களப்பில் தங்கச்சி வீட்டில் இருந்து கல்லடிக் கடலில் கால் நனைத்தவர் என்று ஆகிவிட்டது. இன்னொரு சுற்று நடந்திருந்தால் பரமநாதன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்று முடிந்திருக்கும். நல்லவேளை, மழை வந்துவிட்டது.

கதை மெய்யா பொய்யா என்று விசாரிக்கத்தான் போகிறோம். அதற்கு முன்னால் பரமநாதன் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட வேண்டும். இந்த இனத்துக்குப் 'போய்வந்தவர்' என்று பெயர்.

ஊர் சுற்றுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். போவார்கள், வருவார்கள், அழுக்கு உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. போய்வந்தவர் வேறு. அவர் ஒரே ஒரு தடவை போனவர். இன்னும் வந்து சேராதவர். உடம்பு விமானத்தில் இறங்கி, கண்டி பஸ் பிடித்து, குண்டசாலை வீட்டுப் படியேறி, சோறு தின்று, நித்திரை கொண்டு எழும்பி ஒரு வருஷம் ஆகிவிட்டது. வாய் மட்டும் அங்கேயே நிற்கிறது.

பரமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய கந்தோரில் பெரிய கதிரையில் இருந்து இளைப்பாறியவர். மகள் மதனி நோர்வேயின் வடக்குக் கோடியில் குடியிருக்கிறாள். மருமகன் மயூரதன் தன்னோடு வேலைசெய்யும் வெள்ளைக்காரன் ஒருவனோடு பங்குக்கு ஒரு பாய்மரப் படகு வைத்திருக்கிறான். போன கோடையில் அந்தப் படகில் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு, சுற்றுலாக்காரர்கள் எட்டியும் பார்க்காத ஒரு கரையோரமாகப் பத்து நாள் போய்வந்தான். இவ்வளவுதான் நடந்தது. இந்த இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னவெல்லாம் செய்யலாம் தெரியுமா?

முதலில், அதைப் படகு என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. "போட் எண்டு சொல்லாதையும். யொட்" என்று திருத்துவார். இடம் வலம் என்ற சொற்கள் அவருடைய வாழ்க்கையிலிருந்து விலகிவிட்டன; பேராதனை வீதியில் ஓட்டோக்காரனிடம் "ஸ்டார்போர்ட்டுக்குத் திருப்பும்" என்பார், அந்தச் சிங்களப் பையன் ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, ஐயாவுக்கு மயக்கமா என்று கவலையோடு பார்ப்பான். பஸ் தரிப்பிடத்தில் விரலை எச்சில்படுத்தி உயர்த்திக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். கண்டி பஸ்ஸுக்குக் காற்று எதற்கு? சித்திரை வெயிலில் ஊரே விசிறியைத் தேடும்போது, கழுத்துவரை ஜிப் இழுத்த நீல நிறக் காற்றுத் தடுப்பு ஜக்கெற் போட்டுக்கொண்டு வருவார். தேநீர் கொடுத்தால் ஒரு கையால் கோப்பையையும் மறு கையால் மேசை விளிம்பையும் பிடித்துக்கொள்வார். மேசை ஆடாது. அவர் ஆடுவார்.

எந்தப் பேச்சையும் கடலுக்கு இழுத்துச் செல்லும் திறமையும் இந்த இனத்துக்குப் பிறவியிலேயே உண்டு. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் கூட என்று யாராவது முணுமுணுத்தால் போதும். "உப்போ? நாங்கள் அங்க போகேக்கை..." என்று தொடங்கிவிடுவார். கட்டுகஸ்தோட்டையில் ஒரு செத்த வீடு. அழுது களைத்திருந்த மகன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா அமைதியாகப் போய்விட்டார் என்றான். "அமைதி எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும், தம்பி" என்றார் பரமநாதன். "நாங்கள் அங்க போகேக்கை..." பிரேதத்தை எடுக்கிற வரைக்கும் கடல் ஓயவில்லை.

படங்கள் வேறு. கைத்தொலைபேசியில் நூற்றுக்கணக்கில் சாம்பல் நிறப் படங்கள். "இது கடல். மற்றது வானம். பொறும், இது வானம், முந்தினதுதான் கடல்." எல்லாப் படத்துக்கும் ஒரே முத்தாய்ப்பு: "பாரும், ஒரு ஈ காகம் இல்லை! அதிலயும் ஸ்கார்விக் எண்டு ஒரு குடா. காத்தும் கல்லும்தான். உலகம் அதில முடியுது. மனுசர் கால் வைக்காத இடம்."

மனிதர் கால் வைக்காத இடத்துக்கு ஸ்கார்விக் என்று பெயர் வைத்தது யார்? கேட்கக் கூடாது. போய்வந்தவரிடம் கேள்வி கேட்பது, இரண்டாவது தடவை சோறு கேட்பது போல. குவித்துவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு கேட்பவர் வேண்டும். கேட்பவர் இல்லாத போய்வந்தவர் பாய் இல்லாத படகு. பரமநாதனுக்கு வாய்த்தவர் ராஜலிங்கம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அந்த மலையிலேயே குடியிருந்து, இப்போது நகரத்தில் ஒரு சாரதிப் பயிற்சிப் பள்ளியில் எழுத்தராக இருப்பவர். கொழும்பைத் தாண்டி எங்கும் போனதில்லை. மாலையில் வாவியைச் சுற்றும் கூட்டத்தில் பரமநாதனுக்கு இடப்பக்கம், மன்னிக்கவும், போர்ட் பக்கம் நடப்பவர்.

ராஜலிங்கம் ஏன் அலுக்காமல் கேட்டார்? காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் ஜெயராஜ்.

ராஜலிங்கத்தின் மகள் நிஷாந்தினிக்கும் ஹேவாஹெட்ட ஜெயராஜின் மகனுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பையன் தங்கம். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. சம்பந்தியாக வரப்போகிறவர்தான் சிக்கல். அவரும் போய்வந்தவர், பாலைவன வகை. கட்டாரில் துறைமுக வேலை பார்த்துத் திரும்பியவர். "கட்டார்ல எல்லாம் இப்புடி இல்லைங்க" என்பதுதான் அவர் வாய் திறந்தால் வரும் முதல் வசனம். ரோட்டைப் பார்த்தாலும் அதுதான், ரொட்டியைப் பார்த்தாலும் அதுதான். ராஜலிங்கம் எத்தனை நாள் வாய் பொத்தி இருப்பார்? ஒருநாள், கட்டார்க் கடல் பற்றிய நீண்ட பிரசங்கம் ஒன்றின் நடுவே, தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்: "நம்ம சேர் ஒருத்தர் இருக்காரு சம்பந்தி. வடதுருவம் பக்கத்துல யொட்ல போனவரு. அங்க ஈ காக்கா இல்லியாம்."

கட்டார் வாயடைத்தது. அன்றிலிருந்து ராஜலிங்கம் பரமநாதனிடம் மாலையில் கேட்டதை எல்லாம் ஹேவாஹெட்டவுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கினார். ஜெயராஜும் சும்மா இருக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நாள் குறிக்க வர்றோம்ல, அவரையும் கூப்புடுங்க. நேர்லயே பேசுவோம். நானும் ஹாபர்ல வேலை செஞ்சவன்தான்" என்றார். ராஜலிங்கம் பெருமையாகத் தலையாட்டினார்.

அந்த வாரம்தான் வாவிக்கரையில் கதை புறப்பட்டது. புறப்படவைத்தவர் நிஸாம். அக்குறணைக்காரர், கண்டியில் பெயின்ட் கடை, நடைக் கூட்டத்தின் நாக்கு. அந்த வாரத்துப் போயா விடுமுறை தினத்தில் வாவியில் ஓடும் சுற்றுலாப் படகுக்கு எல்லோருக்குமாக டிக்கெட் எடுத்துவிட்டு, "வாங்க சேர், நீங்கதான் கப்டன்" என்று கூப்பிட்டிருக்கிறார். பரமநாதன் படகைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், ஜக்கெற்றின் ஜிப்பை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்தார். "குளத்துத் தண்ணிக்குக் குணம் இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

"வடதுருவத்துக்குப் பக்கத்துல கப்பலோட்டின மனிசன், இந்த லேக்ல ஏறப் பயப்படுறார். எனக்கென்னமோ சந்தேகம் ஈக்குது" என்றார் நிஸாம். அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தை வாவி சொன்னது.

வியாழக்கிழமை கதை ஹேவாஹெட்டவை எட்டிவிட்டது. தொலைபேசியில் ஜெயராஜ் சிரித்தார். "என்னாங்க சம்பந்தி, ஒங்க கப்பல்காரரு பஸ்ல போனாராமே?" அதோடு நிறுத்தியிருக்கலாம். "இல்ல, எங்க வீட்டுல சும்மா ஒரு பேச்சு. இதுலயே இம்புட்டுப் புளுகுனா, பொண்ண பத்திச் சொன்னதுல எது நெசம், எது புளுகுன்னு கேக்குறாங்க. சும்மாதான்."

இந்தச் 'சும்மா' இருக்கிறதே, சம்பந்திகள் வாயில் அது வருகிறபோது, அதற்குள் ஒரு கல்யாணத்தையே புதைக்க இடம் உண்டு. ராஜலிங்கம் அன்று சோற்றுத் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். அடுப்படியில் நிஷாந்தினி யாரோடோ கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோடு என்பது அப்பாவுக்குத் தெரியும்.

"சேரு போனாரா, போகலியா? அத மொத கேட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி சுப்பம்மா.

ஆகவே விசாரணைக் கமிஷன் வெள்ளிக்கிழமை மாலை குண்டசாலை பஸ் ஏறியது. நாமும் அதன் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்போம்.

பரமநாதனின் மனைவி லீலாதேவி கதவைத் திறந்தார். "வாங்கோ தம்பி. நல்ல நேரம் வந்தியள், எனக்குக் காது நோகுது, நீங்கள் கொஞ்சம் கேளுங்கோ" என்று உள்ளே விட்டார். ராஜலிங்கம் சுற்றிவளைத்துத்தான் கேட்டார். நேரடியாக, 'நீங்கள் போனீர்களா?' என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது?

"சேர், நீங்க யொட்ல நிக்கிற மாதிரி ஒரு படம் இருக்குங்களா? எங்க சம்பந்திக்குக் காட்ட."

பரமநாதன் தொலைபேசியை விரலால் தள்ளினார். கடல். வானம். கடல். கயிறு. பாறை. மயூரதன். வானம். வெள்ளைக்காரன். மறுபடி கடல்.

"நீங்க, சேர்?"

"நான்தானே படம் எடுத்தனான். எடுக்கிறவன் எப்பிடி ஐசே படத்தில வாறது?"

"எல்லாமே நீங்களா எடுத்தீங்க?"

"காத்தைப் பாக்கோணும், கயித்தைப் பாக்கோணும், நிண்டு முகத்தைக் காட்ட ஆருக்கு நேரம்?"

"ஸ்கார்விக்ல எடுத்த படம்?"

பரமநாதனின் விரல் நின்றது. "அங்க என்னத்தை எடுக்கிறது? காத்தும் கல்லும்" என்றார். பிறகு திடீரென்று, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று எழும்பிப் பின்பக்கம் போய்விட்டார். தொட்டி நிரம்பினால் சத்தம் கேட்கும். கேட்கவில்லை.

புறப்படுகிறபோது லீலாதேவி வெறுங்கையோடு அனுப்பவில்லை. அன்று சுட்ட பயத்தம் பணியாரத்தை, கைக்கு எட்டிய ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் போட்டு, அதற்கு மூடி இல்லாததால் ஒரு பீங்கான் தட்டால் மூடித் துணியால் கட்டிக் கொடுத்தார். "சுப்பம்மாவுக்குக் குடுங்கோ."

வீட்டில் பணியாரம் சட்டியைவிட்டுப் போனது. விசாரணையின் முடிவைக் கேட்டுவிட்டு, சுப்பம்மா சட்டியைக் கழுவப் போனாள். நம்மவர்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர்கள். அதனால், அடுத்தவர் பாத்திரத்தைக் கழுவும்போது பெயரை வாசிக்கிறவர்கள். அவளும் வாசித்தாள். கையில் சவர்க்கார நுரையோடு அப்படியே முன்னறைக்கு வந்தாள்.

"நீங்களே படிங்க."

ராஜலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வளைவான எழுத்தில், அழுத்தமாக வெட்டியிருந்தது:

'தமிழ்ச் சங்கம், ஸ்கார்விக். விளையாட்டு விழா. தேசிக்காய் ஓட்டம், பெண்கள். இரண்டாம் பரிசு.'

உலகம் முடிகிற இடம். காற்றும் கல்லும். மனிதர் கால் வைக்காத குடா. அங்கே ஒரு தமிழ்ச் சங்கம். அந்தச் சங்கத்துக்கு ஒரு விளையாட்டு விழா. அந்த விழாவில், வாயில் கரண்டி, கரண்டியில் எலுமிச்சை. அதிலும் இரண்டாம் பரிசு. அப்படியானால் முதல் பரிசு என்று ஒருத்தியும் அங்கே இருக்கிறாள், மூன்றாம் பரிசும் இருக்கிறாள், நாலாவதாக வந்து, நடுவர் கள்ளம் என்று கோபித்துக்கொண்டு போனவளும் கட்டாயம் இருக்கிறாள்!

"போயிருக்காரு!" என்றார் ராஜலிங்கம். மறு விநாடி, "பொய் சொல்லியிருக்காரு!" என்றார். இரண்டும் ஒன்றாக வந்ததால் சிரிப்பதா முறைப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

தொலைபேசி அடித்தது. லீலாதேவி. குரலில் பதற்றம். "தம்பி, உங்களுக்கு எந்தச் சட்டியிலை போட்டுத் தந்தனான்?"

"எழுத்து வெட்டுனதுங்க."

"ஐயோ, கடவுளே." பிறகு எல்லாம் கொட்டுண்டது. யொட்டில் ஏறிய முதல் நாளே மனிதருக்குச் சத்தி, ஓயாத வாந்தி. அடுத்த நாள் தலை தூக்க முடியவில்லை. மயூரதன் பயந்துபோய்க் கிட்ட இருந்த குடாவுக்குள் படகை விட்டான். அதுதான் ஸ்கார்விக். மீன் தொழிற்சாலை உள்ள ஊர். அங்கே வேலைக்கு வந்து நிலைத்த தமிழ்க் குடும்பங்கள் சில. புவனேஸ்வரி என்று கரவெட்டிப் பிள்ளை ஒருத்தி இவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, மூன்று நாள் ரசமும் கஞ்சியும் கொடுத்து எழுப்பியிருக்கிறாள். பயணப்படும்போது புட்டும் சம்பலும், தான் பரிசாக வாங்கிய இந்தச் சட்டியில் அவசரமாகப் போட்டுத் துணியால் கட்டிக் கொடுத்தாளாம்.

"வழியிலை சாப்பிட்டு முடிச்சுப்போட்டு, திரும்பி வரேக்கை சட்டியைக் குடுக்கலாம்தானே? வெறுஞ்சட்டியாய்க் குடுக்கேலுமே, தம்பி? என்னத்தைப் போட்டுக் குடுக்கிறது? படகிலை இருந்தது ரின்னிலை அடைச்ச மீன். மீன் பக்ரரியிலை வேலைசெய்யிற பிள்ளைக்கு மீன் ரின்னோ? மூடி அங்கை அவளின்ர வீட்டிலையே கிடக்குது, இவர் சட்டியைக் கண்டிவரைக்கும் காவிக்கொண்டு வந்திட்டார். என்ன அனுப்பிறது, எப்பிடி அனுப்பிறது எண்டு ஒரு வருசமாய் யோசிக்கிறம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கை வரேக்கை அதைக் கண்ணிலை காட்டிப்போடாதேங்கோ. மனுசன் நொந்துபோவார்" என்றார்.

ராஜலிங்கம் வாக்குக் கொடுத்தார். சட்டியை அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் வைத்தார். மகளின் கல்யாணத்தைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அது. அதை மறைத்துவைப்பதாகச் சொன்னதும் அவரேதான்.

ஞாயிறு வந்தது. ஜெயராஜ் குடும்பம் வந்தது. பரமநாதன், ஹந்தானைக் காற்றுக்கு ஏற்றதென்று ஜக்கெற்றும் தொப்பியுமாக வந்தார். ஒரே மேசையில் இரண்டு போய்வந்தவர்களை இருத்தக் கூடாது என்பது பழைய அனுபவம். ஆனால் ராஜலிங்கத்தின் வீட்டில் ஒரே மேசைதான் இருந்தது.

கோழிக்கறி பரிமாறும்வரை இரண்டு பேரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். பிறகு ஜெயராஜ் தொடங்கினார்.

"சேர், அங்க கடல் வத்துப் பெருக்கு எப்புடி? கட்டார்ல எல்லாம் அவ்வளவு இல்லைங்க."

"அது... சந்திரனைப் பொறுத்தது."

"அந்த ஸ்கார்விக்ல போட்டக் கட்டுறதுக்கு ஜெட்டி இருந்திச்சா, நங்கூரம் போட்டீங்களா?"

"அதெல்லாம் மருமோன் பாத்தவர்."

"ஓ. அப்ப நீங்க?"

"நான் காத்தைப் பாத்தனான்."

ஜெயராஜின் மனைவி தலையைக் குனிந்துகொண்டு கோழிக்காலோடு மிகுந்த அக்கறையாகப் பேசத் தொடங்கினாள். ஜெயராஜ் சாய்ந்து உட்கார்ந்தார். "நம்ம லேக் போட்லயே ஏற மாட்டேன்னு சொன்னீங்களாமே. பரவால்ல சேர். எல்லாரும் கொஞ்சம் கூட்டிப் பேசுறதுதான். இந்த வீட்டுல அது கொஞ்சம் கூடப் போல." சிரித்தார். அவர் மகன் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற நிஷாந்தினியின் கையில் அப்பளத் தட்டு அசையாமல் நின்றது.

பரமநாதன் வாயைத் திறந்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, அதிலிருந்து கடல் வரவில்லை.

ராஜலிங்கத்தின் கண் அலுமாரிக்கு மேலே போனது, கீழே வந்தது, பரமநாதனின் வெளுத்த முகத்தைப் பார்த்தது, மறுபடி மேலே போனது. வாக்குக் கொடுத்த மனிதர் அதற்குமேல் என்ன செய்வார்?

சுப்பம்மா வாக்குக் கொடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள், சூட்கேசைத் தள்ளினாள், சட்டியை இறக்கிச் சேலைத் தலைப்பால் துடைத்து, ஜெயராஜின் சோற்றுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"படிங்க அண்ணே. எங்க வீட்டுல யாரும் புளுகலை."

ஜெயராஜ் வாய்விட்டு வாசித்தார். ஸ்கார்விக் என்ற சொல்லில் ஒரு தடவை நின்று, பரமநாதனைப் பார்த்துவிட்டு, மிச்சத்தையும் வாசித்தார். "ரெண்டாம் பரிசு" என்று முடித்தார். பிறகு, அடக்க முடியாமல், கேட்டார்: "ஈ காக்கா இல்லாத ஊர்ல தேசிக்கா எங்கேருந்து சேர் வந்திச்சு?"

பரமநாதன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினார்.

"போனனான்" என்றார். "போனதும் உண்மை, சத்தி எடுத்ததும் உண்மை. பத்து நாளிலை மூண்டு நாள் அந்தப் பிள்ளையின்ர சோபாவிலைதான் கிடந்தனான். வேலை முடிஞ்சு வரும். 'கையிலை மீன் மணக்கும் மாமா, பொறுங்கோ' எண்டு ரெண்டு தரம் கழுவிப்போட்டு வந்து ரசம் வைக்கும். எனக்கு முன்னைப் பின்னைத் தெரியாத பிள்ளை. நாலாம் நாள் எழும்பிப் படகிலை நிண்டன். பிறகு விழேல்லை. நோர்வேயின்ர வடக்கு முனையைக் கண்டனான். பொய் இல்லை."

"அப்புறம் ஏன் சேர் இத்தன நாளா சொல்லலை?" என்றார் ராஜலிங்கம்.

"என்னெண்டு சொல்லுறது? வடதுருவம் வரைக்கும் போய், கரவெட்டி ரசம் குடிச்சிட்டு வந்தனான் எண்டோ? கேட்டிருப்பீரே?"

"இருந்தாலும், லேக் போட்ல ஏன் ஏறலை?" ஜெயராஜ் விடவில்லை.

"அங்கை சத்தி எடுத்தது மருமோனுக்கும் ஒரு வெள்ளைக்காரனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும். இஞ்சை எடுத்தால் முழுக் கண்டியும் கரையிலை நிண்டு பாக்கும், ஐசே!"

முதலில் சிரித்தது ஜெயராஜின் மகன். பிறகு அப்பளத் தட்டு. பிறகு எல்லோரும். ஜெயராஜ் சட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டார்ல..." என்று தொடங்கி, வழக்கம்போல ஓடாமல் நின்றார். "கட்டார்ல போய் எறங்குன அன்னைக்கு ராவு எனக்குச் சாப்பாடு இல்ல. சம்மாந்துறை ஆளு ஒருத்தரு, அவரு ரொட்டில பாதியப் பிச்சிக் குடுத்தாரு. பேரு கேக்கவே இல்ல." அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் கிரேன்களின் உயரம் எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த ரொட்டியைத் தெரியாது.

மாலைக்குள் நாள் குறித்தாகிவிட்டது. ஆவணியில்.

இதோடு முடித்தால் இது நீதிக்கதை ஆகிவிடும். போய்வந்தவர் திருந்தினார், ஊர் வாழ்ந்தது என்று மணியடித்துவிட்டுப் போகலாம். அந்த ஆபத்து நமக்கு வேண்டாம். போய்வந்தவர் திருந்துவதில்லை, சரக்கை மாற்றுவார், அவ்வளவுதான்.

அடுத்த கிழமையே வாவிக்கரையில் ரசக் கதை வெளியாகிவிட்டது. மதிலடியில் அது உள்ளபடியே இருந்தது. நீர்க்காக மரங்களைக் கடப்பதற்குள் ரசத்தில் மிளகு ஏறியது. அடுத்த வளைவில் வெளியே புயல். அதற்கடுத்த வளைவில் புவனேஸ்வரி அலைகளுக்கு நடுவே ரசச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படகுக்கே வந்துவிட்டாள். நிஸாம் நடையை நிறுத்தி, "சேர், போன சுத்துல அவ வீட்டுலதானே ஈந்தாள்?" என்று கேட்டார். "நீர் முதல்ல ஒழுங்காய்க் கேளும்" என்றார் பரமநாதன். நிஸாம் இப்போதெல்லாம் வாவியை எதிர்த் திசையில் சுற்றுகிறார். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பரமநாதன் எதிரிலேயே வந்து மாட்டுகிறார்.

இனி, ராஜலிங்கம். போன வாரம் சாரதிப் பயிற்சிப் பள்ளியில், மழையில் வண்டி ஓட்டப் பயந்த ஒரு பிள்ளைக்கு அவர் தைரியம் சொல்வதைக் காதால் கேட்டோம். "இதெல்லாம் ஒரு மழையாம்மா? நாங்க ஸ்கார்விக் போனப்ப..." நாங்கள்! வீட்டுக்கு யாராவது வந்தால், முன்னறை அலுமாரியின் கண்ணாடிக்குப் பின்னால், நிஷாந்தினியின் பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி நிற்கிற சட்டியை வந்தவரின் கண் படும்வரை பொறுத்திருந்து, பட்டதும் தொண்டையைச் செருமுகிறார். ஹேவாஹெட்டவில் ஜெயராஜ், "எங்க சம்பந்தி வீட்டுல வடதுருவத்துச் சட்டியே இருக்கு" என்று சொல்லித் திரிவதாகக் கேள்வி.

சட்டி ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்கிறீர்களா? வெறுஞ்சட்டியாக எப்படித் திருப்பிக் கொடுப்பது? பயத்தம் பணியாரத்துக்கு ஈடாக என்ன போடலாம் என்று சுப்பம்மா யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் திருப்பிக் கொடுத்தால்தானே லீலாதேவி அதில் எதையாவது நிரப்பி வடக்கே அனுப்பலாம்?

வாசகரே, நீங்கள் இதுவரை உதட்டோரம் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். நல்லது. நாளைக்கு ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் யாராவது குளிர் என்றோ, கடல் என்றோ, ரசம் என்றோ சொல்லும்போது, "வடநோர்வேயில ஸ்கார்விக்னு ஒரு ஊர்..." என்று உங்கள் வாய் தானாகத் திறந்தால் பதறாதீர்கள், அது இப்படித்தான் தொற்றும், போகாதவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். வாயை மூடிக்கொண்டு எழும்பி, உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போங்கள். பாத்திர அடுக்கின் பின்வரிசையில், இன்னொருவரின் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று நிற்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். எப்போது வந்தது, எதைப் போட்டு வந்தது, அதை ஏன் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை?

ஸ்கார்விக்கில், மீன் மணக்கும் கையை இரண்டு தடவை கழுவிவிட்டு அடுப்படிக்கு வருகிற ஒருத்தியிடம், ஒரு மூடி மட்டும் இருக்கிறது.